மீன் இல்லாத மூங்கில் பெட்டி

அந்த வருடம் ருவா மாதத்தில் தர்மின் வீட்டிலிருந்து வந்த மூங்கில் பெட்டியில் மீன் இல்லை.

பெட்டி என்னவோ வழக்கம்போலத்தான் வந்தது. நோன்புக்கு முந்தைய மாதம்; இறந்துபோனவர்களுக்காக ஓதிவிட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சோறு அனுப்புகிற மாதம். தர்மினின் மருமகள் வாசலில் நின்று, "மாமா குடுத்துவிட்டாரு" என்று நீட்டினாள். கஸ்மினி இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே போய்த் திறந்தாள். சோறு, புளித்த சோயாவைப் பொரித்த தெம்பே, சேமியா, அவித்த முட்டையில் பாதி, மூன்று அப்பம். வாழையிலையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். பதினாறு வருடமாக அந்தச் சோற்றின் மேல் படுத்துக்கொண்டு வரும் பொரித்த ஜிலேபிக் கெண்டையைக் காணோம்.

"மறந்திருப்பாங்கக்கா," என்றாள் துமினி. கஸ்மினியின் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் இவள். வாயும் இஸ்திரிப்பெட்டி மாதிரிதான், எப்போதும் சூடு.

"குளம் வச்சிருக்கிறவரு மீனை மறப்பாரா? இஸ்திரி போடறப்போ நீ துணியை மறப்பியா?"

"போன வாரம் மறந்தேனே. அந்த மாஸ்டர் சட்டை கருகிப்போச்சே."

கஸ்மினி சிரிக்கவில்லை. பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வாசலுக்கு வந்து, "உன் அழுக்குத் தண்ணியில என் மீன் சாகுது" என்று சொல்லமாட்டார். அப்படி முகத்துக்கு நேரே சொன்னால் கன்னத்தில் அறைந்ததற்குச் சமம். சொல்ல வேண்டியதை அனுப்புகிற பொருளில் வைத்து அனுப்புவார்கள். அல்லது வைக்காமல் அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டவர் புரிந்துகொள்ள வேண்டும். புரியாதவர்போல் இருந்துவிட்டால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

தர்மின், கஸ்மினியின் புருஷன் பர்ஜானுக்குப் பெரியப்பா மகன். பர்ஜான் படகோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அலை ஒதுக்கியது ஒரு துடுப்பை மட்டும்தான். அந்த வருடம் தர்மின் தன் குளத்து மீனையெல்லாம் பிடித்து விற்றுவிட்டு, ஒரு வாஷிங் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கஸ்மினியின் வீட்டில் இறக்கினார். "அழுதுக்கிட்டே துவைக்கலாம், யாருக்கும் தெரியாது," என்று சொன்னார். அவ்வளவுதான் அவருடைய ஆறுதல். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இப்போது நான்கு மெஷின், துணி உலர்த்த ஒரு தகரக் கொட்டகை, அனல்மின் நிலையத்து ஆட்களின் நீல அங்கி மொத்தமும் அவள் கடைக்குத்தான். எல்லாம் அந்தக் குளத்து மீனிலிருந்து வந்தது. அவள் கடைத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக அதே குளத்துக்கு இறங்குகிறது.

இதில் அவள் செய்த தவறு ஒன்று உண்டு. சலவைக்காரர்கள்தான் அப்படி ஒரு தவறைச் செய்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வாய்க்காலில் நுரை பொங்கி ஊரே கேலி பண்ணியது. "கஸ்மினி வாய்க்கால்ல பால் பொங்குது" என்றார்கள். துவைக்கிறவளுக்கு நுரை போனால் அழுக்கு போச்சு. கடைசி அலசலில் நுரை இல்லையென்றால் துணி சுத்தம். அந்தக் கணக்கிலேயே தண்ணீரையும் பார்த்தாள். நுரையாத தூள் ஒன்றைத் தேடிப்பிடித்து மாற்றினாள். நுரை நின்றது, கேலியும் நின்றது. வாய்க்கால் கண்ணாடிபோல் ஓடியது. தண்ணீரைச் சுத்தம் பண்ணிவிட்டோம் என்று இரண்டு வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். குளம் பச்சையாகிறது என்று யாரோ சொன்னபோதுகூட, "அண்ணன் தீனி அதிகம் போடறாரு" என்றாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மறுநாள் காலை அவளும் ஒரு பெட்டி கட்டிக்கொண்டு தர்மின் வீட்டுக்குப் போனாள். அவர் குளத்தங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குளம் பச்சைக் கூழாக இருந்தது. நாலைந்து மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. கரையோரம் உடைந்த கல்லும் சிமெண்ட் கட்டியும் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"குளம் எப்படி இருக்குண்ணே?"

"செழிப்பா இருக்கு. ஆடு இருந்தா மேயவிடலாம்." டீயை அவள் பக்கம் தள்ளினார். "அப்பத்துல இனிப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சுண்ணே."

கஸ்மினி கரையோரக் குவியலைக் காட்டினாள்.

"இந்தக் கல்லு எதுக்குண்ணே?"

"பெருநாள் முடிஞ்சதும் குளத்தை மூடிடலாம்னு. கல் வார்க்கிற சர்ப்பான் உடைஞ்ச கல்லெல்லாம் கொண்டாந்து கொட்டியிருக்கான். மேல சாம்பலும் போட்டு நிரவிடறேன்னான். வாழை வைக்கலாம். வாழைக்கு மூச்சு முட்டாது பாரு."

கஸ்மினி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மீன்வளத்துறையிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து புட்டியில தண்ணி பிடிச்சுட்டுப் போச்சு," என்றார் தர்மின், குளத்தைப் பார்த்தபடியே. "பாஸ்பேட்டாம். வயலுக்குப் போடற உரத்துல இருக்கிறதுதான், சோப்புத்தூள்லயும் இருக்காம். பாசி அதைத் தின்னு கொழுக்குதாம். அப்புறம் செத்து அழுகி மீனுக்குக் காத்து இல்லாம பண்ணுதாம்." கொஞ்சம் நிறுத்தினார். "சோப்பு எல்லா வீட்லயும்தான் போடறாங்க. உன்னைச் சொல்லல."

"சொல்லுங்கண்ணே. திட்டுங்க."

"எதுக்குத் திட்டணும்? டீ ஆறுது, குடி."

திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். திட்டாததால் பிடிவாதம் வந்தது. பெருநாளுக்கு இன்னும் ஆறு வாரம். அதற்குள் தண்ணீரைச் சரிபண்ண வேண்டும், இல்லையென்றால் பர்ஜான் நீச்சல் பழகிய குளம், அவள் குழந்தைகளுக்குச் சோறு போட்ட குளம், வாழைத்தோப்பாகிவிடும். அதுவும் அவளாலேயே.

உரம் இல்லாத தூள் என்று டவுனில் கேட்டு வாங்கிவந்தாள். அங்கிகளின் கழுத்துக் கறை அசையவில்லை. "இதுக்கு எச்சில் துப்பித் தேச்சா போயிடும்கா," என்றாள் துமினி. கடையை மூடிவிடலாமா என்றும் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மூடினால் துமினி எங்கே போவாள், இவள்தான் எங்கே போவாள்?

வழி கிடைத்தது அவள் சறுக்கி விழுந்ததில்.

கடைக்குப் பின்னால் இரண்டு வாய்க்கால் உண்டு. கிழக்கே மெஷின் தண்ணீர். மேற்கே சிமெண்ட் தொட்டித் தண்ணீர். மின்நிலைய அங்கிகளை மெஷினில் போடமாட்டாள். அதில் ஒட்டியிருக்கும் நிலக்கரிச் சாம்பல் மெஷினின் குடலை அடைத்துவிடும். அதனால் தொட்டியில் போட்டு மிதித்துத் துவைப்பாள். இரண்டு வாய்க்காலும் முருங்கை மரத்தடியில் ஒன்று சேர்ந்து குளத்துக்குப் போகும். அன்று ஈரத்துணிக் கூடையோடு கிழக்கு வாய்க்காலைத் தாண்டியவள் பாசியில் கால் வைத்தாள். கூடை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம்.

"அக்கா! எலும்பு இருக்கா?"

"வாயை மூடு. இங்க வா."

உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலேயே கை நீட்டிக் காட்டினாள். கிழக்கே கல்லெல்லாம் பச்சைப் பட்டு போர்த்தியிருந்தது. மேற்கே ஒரு பொட்டுப் பச்சை இல்லை. மழையில் கழுவின மாதிரி வெறும் சாம்பல் நிறக் கல்.

"ரெண்டுலயும் ஒரே தூள்தானே போடறோம்?"

"ஒரே மூட்டை."

"வெயிலும் ஒண்ணுதானே?"

"ஒரே சூரியன்தான்கா. நம்ம ஊருக்கு இன்னொண்ணு குடுக்கலையே."

"அப்போ அங்க என்ன இருக்கு, இங்க என்ன இல்ல?"

தொட்டியின் அடியில் விரல் தடிமனுக்குப் படிந்திருந்த சாம்பல் சேற்றை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

கஸ்மினி எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. கண்ணாடி டப்பா இரண்டில் மெஷின் தண்ணீரைப் பிடித்தாள். ஒன்றில் அந்தச் சேற்றை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கித் தெளியவிட்டாள். மற்றதைச் சும்மா விட்டாள். இரண்டிலும் ஒரு சிட்டிகைப் பாசியைப் போட்டுக் கோழிக்கூண்டின் மேல் வெயிலில் வைத்தாள். துணி வாங்க வந்தவர்களெல்லாம், "ஊறுகாயா?" என்று கேட்டார்கள். "ஆமா, உனக்குத்தான்," என்றாள். எட்டாம் நாள் ஒரு டப்பா பச்சைக் கூழ். இன்னொன்றில் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. போட்ட பாசி வெளுத்து நூலாகத் தொங்கியது. பாசி தின்னவேண்டிய சோற்றைச் சாம்பல் பிடித்துத் தன் மடியில் கட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு அப்படித்தான் விளங்கியது. பின்னால் வந்த மீன்வளத்துறைப் பெண் சொன்னதும் ஏறக்குறைய அதேதான்.

அடுத்த வேலை சர்ப்பானிடம். மின்நிலையத்துச் சாம்பலை லாரியில் எடுத்துவந்து சிமெண்டோடு பிசைந்து கட்டடக் கல்லும் கிணற்று உறையும் வார்க்கிறவன் அவன். தலைமுதல் கால்வரை சாம்பல் பூசிக்கொண்டு, பல் மட்டும் வெள்ளையாக இருப்பான்.

"சாம்பல் வேணுமா?" என்று சிரித்தான். "சாம்பலைக் கழுவத்தானே நீ கடை வச்சிருக்கே? கழுவினது போதாதுன்னு மூட்டை கட்டிக்கிட்டுப் போக வந்திருக்கியா?"

"அஞ்சு மூட்டை. அப்புறம் பெரிய உறை மூணு, அடி மூடினது."

"உறையுமா? எனக்கு என்ன தருவே?"

"பத்து வருஷமா உன் கால்சட்டையைத் துவைக்கிறேன். அதுல என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அது போதாதா?"

சர்ப்பானின் ஆட்கள் சிரித்த சிரிப்பில் சாம்பல் பறந்தது. "எடுத்துக்கிட்டுப் போ தாயே," என்றான்.

"இன்னொண்ணு. குளத்தங்கரையில கிடக்கிற கல்லு ஒண்ணுகூடக் குளத்துக்குள்ள போகக்கூடாது."

"அது தர்மின் அண்ணன் பாடு. அவரு சொன்னா தள்ளுவேன்."

"சொல்லமாட்டாரு," என்றாள். அவளுக்கே அது நிச்சயமில்லை.

உறை மூன்றையும் கொல்லையில் ஒன்றைவிட ஒன்று தாழ்வாக இறக்கினார்கள். மேல் உறையில் மெஷின் தண்ணீரும் சாம்பலும் கலப்பது, நடு உறையில் தெளிவது, கீழ் உறையிலிருந்து வெளியே விடுவது. கலக்குவதற்கு அவள் எடுத்தது பர்ஜானின் துடுப்பு. பதினாறு வருடம் சுவரில் தொங்கியது அது. துமினி அதைப் பார்த்துவிட்டுச் சாம்பல் மூட்டையை அவிழ்க்கக் குனிந்தாள்.

கஸ்மினிக்கு அளவு தெரியவில்லை. இரண்டு கரண்டி நல்லது செய்தால் அரை மூட்டை இன்னும் நல்லது செய்யும் என்று நினைத்துக் கொட்டினாள். அரை மணி நேரம் துடுப்புப் போட்டாள். தண்ணீர் முதலில் எருமைத்தோல் மாதிரி கறுத்தது. மத்தியானத்துக்குள் கீழ் உறையில் ஊற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது; அடியில் போட்ட கல்லை எண்ணலாம்.

"திறந்துவிடட்டுமா?" என்றாள் துமினி.

"திற. இன்னிக்கே போய்ச் சேரட்டும்."

அடைப்பை எடுத்தார்கள். தண்ணீர் மினுமினுவென்று முருங்கை மரத்தைத் தாண்டிப் போனது. கஸ்மினி அடைப்பிலிருந்து விழுந்த தண்ணீரிலேயே கையைக் கழுவினாள். வழவழவென்று இருந்தது. மறுபடி கழுவினாள். இன்னும் வழவழத்தது. விரலோடு விரல் வழுக்கியது. கை நின்றது.

சோப்புக்கு இவ்வளவு வழவழப்பு வராது; இது சாம்பலின் காரம். தொழிலுக்கு வந்த புதிதில் வெளுப்புக் காரத்தில் கையைவிட்டு உள்ளங்கைத் தோல் உரிந்தவள் அவள். கண்ணுக்குத் தெரியாததை அந்தத் தோல் மறக்கவில்லை. மனுஷன் தோலே உரியும் என்றால் மீனின் செதிளும் செவுளும் என்ன ஆகும்?

"அடை! அதை அடை!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். போன தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குளத்துக்கு இன்னும் ஐம்பது அடி இருக்கும். கையில் கிடைத்தது கொல்லை வாசலில் கட்டிவைத்திருந்த மின்நிலைய அங்கி மூட்டை. அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை முந்தி ஓடி, வாய்க்காலின் கழுத்தில் போட்டாள். மூட்டை மிதந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

தர்மின் வலையோடு அங்கே வந்தார்.

"கஸ்மினி. என்ன பண்றே?"

"உட்கார்ந்திருக்கேண்ணே."

"வசதியா இருக்கா?"

"இருக்குண்ணே."

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "என்ன தெளிவா இருக்கு!" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காகம் பறந்தது. அப்புறம் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லாத மாதிரி, முகத்துக்கு நேரே, உடைத்துச் சொல்லிவிட்டாள். "என் தண்ணிதான்ணே உங்க மீனைக் கொன்னுது. ரெண்டு வருஷமா கொன்னுது. நுரை இல்லைன்னதும் சுத்தம்னு நெனச்சேன். இன்னிக்குச் சரிபண்றேன்னு வந்து மிச்சத்தையும் கொல்லப் பார்த்தேன். இப்போவாவது திட்டுங்க."

தர்மின் காதுமடல் சிவந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். போய்விட்டார் என்றுதான் கஸ்மினி நினைத்தாள். மண்வெட்டியோடு வந்தார். களிமண்ணை வெட்டி வெட்டி அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டு அணை கட்டினார்.

"எழுந்திரு இப்போ," என்றார். "நீயும் அணைக்குள்ள போயிடுவே."

மூன்று பேருமாக அந்தத் தண்ணீரை வாளியில் மொண்டு மேல் உறைக்கே சுமந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு தர்மின் கேட்டது ஒன்றுதான்: "பர்ஜான் துடுப்பா அது?"

"ஆமாண்ணே."

"பிடி கொஞ்சம் ஆடுது. ஆணி அடிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. அரை மூட்டை போய் ஒரு சின்ன வாளிச் சாம்பல் ஆனது. கீழ் உறையிலிருந்து நேரே குளத்துக்கு விடாமல், கொட்டகையின் ஓரமாக அகலமாக, ஆழமில்லாமல் ஒரு பள்ளம் வெட்டித் தண்ணீரைக் காற்றும் வெயிலும் பட நிறுத்தினாள். தினமும் காலையில் அவளும் துமினியும் ஆளுக்கு ஒரு கை அள்ளி விரலைத் தேய்ப்பார்கள்.

"வழவழங்குது."

"எனக்கும்."

மறுநாள், "குறைஞ்சிருக்கு." நான்காம் நாள் விரல் கீச்சென்று பிடித்தது. அலசி முடித்த துணி கையில் பிடிக்கிற மாதிரி. அன்றுதான் திறந்தாள். அடியில் தங்கிய சேற்றைச் சர்ப்பான் எடுத்துப்போய்க் கல்லில் சேர்த்துக்கொண்டான். "இனிமே என் கல்லுல வீடு கட்டினா சுவரெல்லாம் வாசனை வரும்," என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

மீன்வளத்துறைப் பெண் யாரும் கூப்பிடாமலே ஒருநாள் வந்தாள். யார் அனுப்பியது என்று அவளும் சொல்லவில்லை, கஸ்மினியும் கேட்கவில்லை. புட்டியில் தண்ணீர் பிடித்து, பாஸ்பேட் இருந்தால் நீலமாக்கும் மருந்தைச் சொட்டினாள். கிழக்கு வாய்க்காலில் தேங்கிய பழைய தண்ணீர் மை மாதிரி நீலமானது. பள்ளத்துத் தண்ணீர் நீலமா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத்தான் இருந்தது. "விரலை மட்டும் நம்பாதீங்கம்மா," என்று காரம் பார்க்கிற காகிதக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாம்பல் கலங்கலாக வெளியே போகக்கூடாது, மாதம் ஒரு புட்டித் தண்ணீர் தனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிப்போனாள். கஸ்மினி காகிதத்தையும் வைத்துக்கொண்டாள், விரலையும் விடவில்லை. இரண்டும் ஒரே பதிலைத்தான் சொன்னது என்பாள்.

ஆனால் குளம் உடனே மாறவில்லை. பச்சை பச்சையாகவே இருந்தது. சேற்றில் இரண்டு வருடத்துப் பாசித் தீனி கிடக்கிறதே! பெருநாள் நெருங்க நெருங்க கஸ்மினிக்குச் சோறு இறங்கவில்லை. குளத்தங்கரைக் கல்குவியல் அங்கேயேதான் இருந்தது. நோன்பு திறக்கிற நேரத்தில்கூட அவள் கண் அந்தப் பக்கம்தான்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. அன்று மெஷினைக் கொண்டுவந்த அதே வண்டி. தர்மின் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி நிறைய உடைந்த கல்லும் சிமெண்ட் கட்டியும்.

"வழியில கிடந்துச்சு," என்றார். "உன் பள்ளத்துக்குப் படி வேணும்னு துமினி சொன்னா. தண்ணி படியில விழுந்து விழுந்து போனா சீக்கிரம் காரம் இறங்குமாம்."

"நான் எப்போ சொன்னேன்?" என்று ஆரம்பித்தாள் துமினி. கஸ்மினி அவள் காலை மிதித்தாள்.

"ஆமாண்ணே, சொன்னா. டீ போடட்டுமா?"

"நோன்பு."

"ஆமால்ல."

கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மறுபடி வந்தார். பதினோரு நடை நடந்தார். மத்தியானம் கஸ்மினி குளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தபோது, குவியல் இருந்த இடத்தில் வெறும் புல் நசுங்கிக் கிடந்தது. கரையில் நின்று தர்மின் சேற்றை மண்வெட்டியால் வாரி வாழைக்குழிகளில் போட்டுக்கொண்டிருந்தார். வாழை கரையில்தான் வைத்தார், குளத்தில் இல்லை.

அடுத்த ருவா மாதம் பெட்டி வந்தது. அதே மருமகள், அதே வார்த்தை. கஸ்மினி வாங்கி உள்ளே கொண்டுபோய்த் துமினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தாள். சோறு, தெம்பே, சேமியா, முட்டை, அப்பம். மேலே ஒரு ஜிலேபிக் கெண்டை, ஆள்காட்டி விரல் நீளம், ஒரு பக்கம் கொஞ்சம் கருகியது.

"இதைப் போய்ப் பொரிச்சிருக்காங்களே. இன்னும் பால்குடி மறக்கல போல," என்றாள் துமினி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

கஸ்மினி மீனைத் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். முள்ளையும் விடாமல் மென்றாள்.